மல்லாட்டை உடைக்கையில் மட்டும் கேட்ட காது

எனக்குக் காது கேட்கும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் என்னைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் இன்றுவரை எனக்குக் காது மந்தம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வீட்டில் கடுகு வெடித்தால் கேட்கும். பூனை கூரையில் நடந்தால் கேட்கும். பேச்சுதான் கைக்கு வராது. யார் குரல் என்று தெரியும், கோபமாகப் பேசுகிறார்களா சந்தோஷமாகப் பேசுகிறார்களா என்று தெரியும். என்ன சொன்னார்கள் என்பது மட்டும் நிற்காமல் போய்விடும்.

அப்பா விழுப்புரத்தில் ரயில் பாதையில் கேங் கூலியாக இருந்தார். எங்கள் வீடு ஸ்டேஷனுக்கு வெளியே, கைகாட்டி மரத்துக்குப் பக்கத்தில். முழு வேகத்தில் வண்டி போகும்போது ஜன்னலில் ஆட்கள் இருப்பது தெரியும், ஒரு முகமும் பிடிபடாது. அதே வண்டி கைகாட்டி இறங்காமல் நின்று, பிறகு மெல்ல நகர ஆரம்பிக்கும்போது, ஒரு பொம்பளையின் மூக்குத்தியில் எத்தனை கல் என்று எண்ணலாம். பேச்சும் எனக்கு அப்படித்தான் இருந்தது. மெல்லப் போனால் எல்லாம் தெரியும்.

அப்பா பேச்சு எனக்கு முழுதும் புரியும். அவர் ஒரு நேரத்தில் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். பாதையில் ஆணி அடித்துக்கொண்டே பேசிப் பழகின மனிதர், வீட்டிலும் அதே மாதிரி இடைவெளி விட்டுத்தான் பேசுவார். அம்மா எனக்கு ஆறு வயதாகும்போதே போய்விட்டாள். அதனால் பத்து வயது வரை என் குறை எனக்கே தெரியாது.

பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்தது. வாய்ப்பாடு எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் சொல்லுவோம், அதில் நான் பிசகினதே இல்லை. ஆனால் வாத்தியார் வாயால் சொல்லச் சொல்ல சிலேட்டில் எழுத வேண்டும் என்றால் என் சிலேட்டு காலியாக இருக்கும். ஒரு நாள் அவர் எனக்குத் தெரியாமல் என் முதுகுப் பக்கம் வந்து நின்று சாவிக்கொத்தைக் கீழே போட்டார். நான் சட்டென்று திரும்பினேன். செவிடு இல்லை, அழுத்தக்காரி என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் யாரையும் திரும்பச் சொல்லும்படி கேட்டதில்லை. கேட்டால் அழுத்தம் என்பார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது.

என் பேரன் பெண்டாட்டி காது, பேச்சு சம்பந்தமாகப் படித்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். மூளைக்குள்ளே ஒன்று அலை மாதிரி ஓயாமல் எழும்பி அடங்கிக்கொண்டே இருக்கிறதாம். பேச்சும் எழும்பி அடங்கித்தான் வருகிறதாம். இரண்டும் கூடி நடந்தால் சொல் தனித்தனியாகப் பிடிபடும், கூடாவிட்டால் வெறும் சத்தமாகப் போய்விடும், அந்த அலை ஆளுக்கு ஆள் கொஞ்சம் வித்தியாசப்படும் என்றாள். நான் சரியாக எழுதினேனோ இல்லையோ தெரியாது. எனக்கு அதை அவள் மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது.

இது எதுவும் தெரியாத காலத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்கெல்லாம் பின்னால் அடுப்பு கட்டி, கரியைப் போட்டு ஓட்டினார்கள். என் வீட்டுக்காரர் திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வழியாகப் புதுச்சேரி போகும் அப்படி ஒரு கரி பஸ்ஸில் கண்டக்டர். வழியில் உள்ள ஊர்ப்பெயர் அத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார் என்று அவருக்கு அந்த ரோட்டில் பெயர் இருந்தது. இதைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே யாரோ என்னிடம் பெருமையாகச் சொன்னார்கள்.

திண்டிவனத்து வீட்டில் மாமியார், என் வீட்டுக்காரருடைய அண்ணன், அண்ணன் பெண்டாட்டி, நாங்கள் இரண்டு பேர். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம்; அண்ணன் மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்கினார். அவர் பெண்டாட்டி, எனக்கு ஓரகத்தி, முகையூர்ப் பக்கத்துக்காரி. நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் கரிப்புகை படிந்த முகத்தோடு வருவார். குளித்துவிட்டு சோற்றில் கை வைத்ததும் பேச ஆரம்பிப்பார். அன்று பஸ்ஸில் நடந்தது எல்லாம் வரும். ஏறினவர், இறங்கினவர், வழியில் அடுப்பு அணைந்துபோனது, போலீஸ்காரர் நிறுத்தினது. இவையெல்லாம் பிறகு எனக்குத் தெரியவந்தவை. அப்போது எனக்குத் தெரிந்தது அவர் முகம் மட்டும்தான். அவர் சிரித்தால் சிரிப்பேன். புருவத்தைத் தூக்கினால் ம் என்பேன். கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுவேன். நாலு மாதம் இப்படி ஓடியது. அவருக்குச் சந்தேகம் வரவில்லை. இவ்வளவு பொறுமையாகக் கேட்கிற பெண்டாட்டி யாருக்குக் கிடைக்கும் என்று அண்ணனிடம் சொன்னாராம்.

மாமியாருக்கு ஒரு கண்ணில் புரை விழுந்திருந்தது. வெளியூரிலிருந்து ஒரு கண் டாக்டர் மாதத்தில் ஒரு நாள் மட்டும் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு வருவார். ஒரு நாள் விடிகாலையில் என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும்போது என்னிடம் ஏதோ சொன்னார். தலையை ஆட்டினேன். அன்றைக்கு அந்த டாக்டர் வருகிறார், அம்மாவை அழைத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறார். சாயங்காலம் வந்து என்னாயிற்று என்று கேட்டபோதுதான் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்பது வெளிப்பட்டது. டாக்டர் போய்விட்டார். இனி அடுத்த மாதம்தான்.

மாமியார் கோபப்படவில்லை. பாவம், பொண்ணுக்குக் காது மந்தம், கட்டிக்கொடுத்தவர்கள் மறைத்துவிட்டார்கள் என்று முடிவு பண்ணிக்கொண்டாள். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதென்றால் தெருக்கோடி வரை கேட்கும்படி கத்துவாள். கத்துகிறவர்கள் வேகமாகவும் பேசுவார்கள். அதனால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனாலும் திரும்பச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. செவிடு என்றால் இரக்கப்படுகிறார்கள், அழுத்தக்காரி என்பதைவிட அது தேவலாம் என்று இருந்துவிட்டேன்.

மண்டியிலிருந்து மல்லாட்டை மூட்டை வீட்டுக்கு வரும். முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் தெளித்துச் சாக்கு போட்டு மூடிவைப்போம். மறுநாள் ஓடு நமத்துப்போயிருக்கும், பருப்பு உடையாமல் வரும். ஒரு தட்டைக் கல், ஒரு சின்னக் கட்டை. காயை நிறுத்தி அதன் மூக்கில் ஒரு தட்டு. நானும் ஓரகத்தியும் எதிரும் புதிருமாக உட்காருவோம். ஒரு வாரத்தில் எங்கள் இரண்டு கட்டையும் ஒன்றாக விழ ஆரம்பித்துவிட்டன. அவள் பேசிக்கொண்டே தட்டுவாள். இரண்டு மூன்று சொல், ஒரு தட்டு, இரண்டு மூன்று சொல், ஒரு தட்டு. ஒரு நாள் அவள் சொன்னதற்கு நான் பதில் சொன்னேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், அவள் சொன்னது முழுதும் எனக்குப் புரிந்திருந்தது.

தட்டினதால் என் காது திறந்ததா, தட்டினதால் அவள் பேச்சு நடை மாறினதா என்று நான் எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். அவள் கட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பேசினால் பாதிதான் பிடிபடும். நான் மட்டும் தட்டி, அவள் சும்மா பேசினாலும் பாதிதான். இரண்டு பேரும் தட்டினால் ஒரு சொல்லும் தப்பாது.

அவள் நல்ல வாயாடி. மாமனார் உயிரோடு இருந்த காலத்தில், அவள் புதுப்பெண்ணாக வந்தபோது மாமியார் கேப்பைக் களி கிண்டச் சொன்ன கதையை ஒரு நாள் சொன்னாள். களி இறுகிப்போய்க் கிண்டுகிற கழி நட்டமாக நின்றுவிட்டதாம். நான் கேட்டேன், "அப்ப கழிய எப்பிடிக்கா எடுத்தீங்க?"

"மாமா சட்டிய புடிச்சாரு. அத்தை கழிய புடிச்சாங்க. சட்டி வந்திடுச்சி. களி வரல."

நான் கட்டையை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான். நிமிர்ந்தால் வாசலில் மாமியார் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அவள் அன்று கத்தவில்லை. ஓரகத்தியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"காது நல்லாத்தான் இருக்குது இவளுக்கு. உன்கிட்ட கேக்குது. என் புள்ளகிட்டதான் கேக்கமாட்டேங்குது."

அவள் நினைத்ததில் தப்பில்லை. நான் அவள் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். வேலை நேரத்தில், அதுவும் மாமியாரைக் கேலி பண்ணுகிற கதை என்றால் காது கேட்கிறது. புருஷன் பேசினால் கேட்பதில்லை, கண் டாக்டர் வருகிற நாள் என்றால் கேட்பதில்லை. வேண்டுமென்றே என் கண்ணைக் கெடுத்தாள் என்று அன்று சாயங்காலமே மகனிடம் சொன்னாள்.

அவர் என்னைத் திட்டவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். வருவார், குளிப்பார், சாப்பிடுவார், எழுந்து போவார். நாலு மாதமாக அவர் பேச்சில் பத்துச் சொல்கூடப் புரியாமல் உட்கார்ந்திருந்தவள்தான் நான். ஆனால் அது நின்றுபோன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மாமியார் சொல்லி அண்ணன் விழுப்புரத்துக்குக் கார்டு போட்டார். வந்து உங்கள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று இருந்தது. அதை எனக்கும் படிக்கக் கொடுத்தார்கள். எழுத்து என்றால் எனக்கு ஒரு சிரமமும் இல்லை, அது ஓடாது.

அப்பா பதில் எழுதவில்லை, நேரே வந்துவிட்டார். ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் தெரு மாதா கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியாரையும் அழைத்துவந்து வேப்பமரத்தடியில் பாய் போட்டு உட்காரவைத்தார்கள். என் வீட்டுக்காரரும் லீவு போட்டுவிட்டு இருந்தார். ஆனால் முந்தின நாளே ஒரு மூட்டைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டோம். தெளித்ததை மறுநாளே உடைக்காவிட்டால் பருப்பு கறுத்துப்போகும், மண்டியில் எடுக்கமாட்டார்கள். அதனால் நியாயம் பேசுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே நாங்கள் இரண்டு பேரும் கல்லைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். எங்களைப் போன்றவர்கள் வீட்டில் எதற்காகவும் வேலை நிற்காது.

மாமியார்தான் சொன்னாள், பெரியவர்கள் கேட்கும்போது கட்டையை வைத்துவிட்டு எழுந்து நில் என்று. எழுந்து நின்றேன். முதலில் என் வீட்டுக்காரர் பேசினார். பிறகு உபதேசியார் கேட்டார். கோயிலில் ஒவ்வொரு சொல்லாக இழுத்து ஜெபம் சொல்லுகிற மனிதர், பாயில் உட்கார்ந்து நியாயம் பேசும்போது வேறு ஆளாக இருந்தார். நடுநடுவே மாமியாரும் சேர்ந்துகொண்டாள். மூன்று வண்டி ஒரே நேரத்தில் மூன்று பாதையில் போகிற மாதிரி இருந்தது எனக்கு. எல்லோரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பதில் சொல்ல வேண்டிய இடம் என்று மட்டும் தெரிந்தது. கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா பேசினது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"வாய தொறந்து சொல்லு தாயி." கொஞ்சம் பொறுத்தார். பிறகு அவர்களிடம் சொன்னார். "நான் கூட்டிக்கினு போறேன். எனக்கு பாரமில்ல."

அதற்குப் பிறகு நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. உட்கார்ந்தேன். கட்டையை எடுத்து மல்லாட்டையைத் தட்ட ஆரம்பித்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். உபதேசியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பெற்றவன் எதிரில் நிற்கிறான், இவள் பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டாளே என்று மாமியார் கையை விரித்துக் காட்டினாள்.

"இப்ப சொல்லச் சொல்லுங்க," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "திரும்ப, முதல்ல இருந்து."

என் வீட்டுக்காரர் சொன்னார். கோபத்தில் முன்னைவிட வேகமாகத்தான் வந்தது. தட்டியும் எனக்குப் பிடிபடவில்லை. அப்போது எதிரில் ஓரகத்தியின் கட்டை என் கட்டையோடு சேர்ந்து விழுந்தது. அவள் தலையைத் தூக்கவே இல்லை. மல்லாட்டையைப் பார்த்துக்கொண்டே, அவர் சொன்னதை எங்கள் நடையில் திரும்பச் சொன்னாள். நான் கேள்விக்குப் பதில் சொன்னேன். அவர் அடுத்ததைக் கேட்டார். அவள் அதைத் திரும்பச் சொன்னாள். நான் பதில் சொன்னேன்.

"புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவுல துபாஷி வச்சிக்கினா குடும்பம் பண்ணுவாங்க?" என்றாள் மாமியார். உபதேசியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கண் டாக்டர் விஷயத்தைக் கேட்டார். ஓரகத்தி அதையும் தட்டித் தட்டிச் சொன்னாள். அன்று விடிகாலையில் நான் தலையை ஆட்டினேனா இல்லையா.

"ஆட்டினேன்," என்றேன். "நீங்க பேசினது கேட்டிச்சி. இன்னா பேசினீங்கன்னு தெரியல. திரும்ப கேக்க வெக்கமா இருந்திச்சி."

"அப்ப நாலு மாசமா தலையாட்டினது பொய்யி," என்றாள் மாமியார். அதுவும் எனக்குப் புரிந்தது.

"பொய்தான் அத்தே."

என் காது செய்த குற்றம் ஒன்றும் இல்லை என்று அன்றும் தெரியும், இன்றும் தெரியும். தலையை ஆட்டினது நான். அதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு மல்லாட்டைக் கட்டை தேவைப்பட்டது.

என் வீட்டுக்காரர் எங்கள் கல்லுக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். பிறகு, அவர் வாயிலிருந்து நான் கேட்டதிலேயே மெதுவான பேச்சு வந்தது. துபாஷி வேண்டியிருக்கவில்லை.

"அப்ப நாலு மாசமா நான் யார்கிட்ட பேசிக்கினு இருந்தேன்?"

நான் அடுத்த காயை எடுத்துக் கல்லில் நிறுத்தினேன். அவர் எழுந்து தெருப்பக்கம் போய்விட்டார். போனவர் திரும்பி வந்து அப்பா எதிரில் நின்றார். இன்றைக்குப் போங்கள் மாமா, அடுத்த மாதம் வாருங்கள், அப்போதும் இப்படியே இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டப்போய், நிறுத்திக்கொண்டு, "சரிப்பா," என்று வாயால் சொன்னேன்.

அந்த ஒரு மாதம் சுலபமாக இல்லை. அவர் மெதுவாகப் பேசிப் பார்த்தார். நாலு சொல் மெதுவாக வரும், ஐந்தாவது சொல்லில் பஸ் கிளம்பிவிடும். புரியல என்று நான் சொல்ல வேண்டும், அதுதான் ஏற்பாடு. ஒரு நாளைக்கு இருபது தரம் சொன்னேன். ஒவ்வொரு தரமும் சாவிக்கொத்து விழுகிற மாதிரி இருந்தது. அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பச் சொல்லுவார். மெதுவாகச் சொல்லும்போது அவருக்கே தான் சொல்லவந்தது மறந்துபோகும்.

இன்னொன்றும் அப்போது தெரிந்தது. நான் பேசினால் அவருக்கு நிற்பதில்லை. நான் அப்பாவைப் போல இடைவெளி விட்டுப் பேசுகிறவள். அவர் முதல் இரண்டு சொல்லைக் கேட்பார், மூன்றாவது வருவதற்குள் அவர் மனசு கிளியனூர் போய்த் திரும்பிவிடும். ஒரு நாள் நான் உப்பு தீர்ந்துவிட்டது, உங்கள் அண்ணனுக்குக் காய்ச்சல், கஷாயம் வைக்க மிளகு வேண்டும் என்று சொல்லி முடித்தபோது அவர் ம் என்றார். என்ன சொன்னேன் என்று கேட்டேன். விழித்தார். மாமியார் உள்ளேயிருந்து, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே காதுதான் போலிருக்கிறது என்றாள். இதற்குள் அவளைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போய், புரையை எடுத்து, கண்ணுக்கு மேல் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லோர் பேச்சையும் கேட்பதுதான் அவளுக்கு அப்போது வேலை.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் கோயிலுக்குப் போய்விட்டு ஏரிக்கரை வழியாக நடந்து வந்தோம். கரை ஒற்றையடிப் பாதை. அவர் முன்னால், நான் பின்னால். வெயில் ஏறியிருந்தது. அவர் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தார். கரையில் மழைத் தண்ணீர் அறுத்த பள்ளங்கள் இருந்ததால் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். காலோடு சேர்ந்து பேச்சும் அடியடியாக வந்தது. என் காலும் அதே மாதிரி விழுந்தது. பாதித் தூரம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, புரியல என்று நான் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

முந்தின நாள் நடந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தார். கோழிக் கூடையோடு ஒரு கிழவி சீட்டு வாங்கி உட்கார்ந்திருந்தாளாம். கிளியனூரில் மண்டி வைத்திருக்கிற ஒரு பெரிய மனிதர் ஏறினாராம். இடம் இல்லை. கோழி நாற்றம் என்று சொல்லி இவர் கிழவியை இறக்கிவிட்டாராம், அடுத்த பஸ்ஸில் வா என்று. அடுத்த பஸ் சாயங்காலம்தான்.

"நீங்க செஞ்சது தப்புங்க," என்றேன்.

அவர் நின்று திரும்பிப் பார்த்தார். என்ன தப்பு என்றார். நான் சொன்னேன், அவளும் சீட்டு வாங்கினவள்தானே. நீ அங்கே இருந்தாயா என்றார். இருந்தவர் நீங்கள்தான், நீங்களே சொன்னீர்கள் என்றேன். நடந்துகொண்டே விடாமல் பேசினோம். கரை இறங்கி, தெருத் திரும்பி, வீட்டு வாசல் வரை வந்தும் முடியவில்லை. வாசலில் மாமியார் பச்சைத் துணியோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரில் பாயில் அப்பா. காலை வண்டியில் வந்திருக்கிறார். பக்கத்தில் என் துணிமணிக்காக ஒரு வெறும் பை மடித்து வைத்திருந்தது.

எங்களுக்கு அவரை வரவேற்கக்கூடத் தோன்றவில்லை. அந்தக் கிழவி பாவம் இல்லையா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன், மண்டிக்காரனை நிற்கவைத்தால் என் வேலை போகாதா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சம்பந்தி இது?" என்று மாமியாரைக் கேட்டார்.

"ஏரி முனையில இருந்தே கேக்குது," என்றாள் அவள். "சண்ட."

அப்பா ஓரகத்தி கொடுத்த மோரைக் குடித்தார். துண்டை உதறித் தோளில் போட்டு, மடித்த பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பகல் வண்டிக்கே விழுப்புரம் திரும்பிவிட்டார்.